ஊர்களைப் படித்தவர்: பாட்ரிக் கெடிஸ்

ஒருவனுடைய சாமர்த்தியத்தைக் கண்டு வியக்கும்போது, அவன் பெரிய எம்டன் என்று சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. இச்சொல்லைத் தமிழுக்குத் தந்தது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 ஆம் நாள் இரவு அக்கப்பல் சென்னைக் கடற்கரையை நெருங்கி வந்து குண்டுமாரி பொழிந்தது. துறைமுகத்தை அடுத்திருந்த எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் நகரைவிட்டு ஓடினர். இவ்வளவும் பலரும் அறிந்த செய்தி. அதே எம்டன் அடுத்த மாதம் கிளான் கிராண்ட் என்னும் சரக்குக் கப்பலை இந்துமாக் கடலில் மூழ்கடித்தது. அந்தக் கப்பலில் உலகத்து நகரங்களின் வரைபடங்களும் படங்களும் பெட்டி பெட்டியாகச் சென்னைக்கு வந்துகொண்டிருந்தன என்பதை அறிந்தோர் சிலரே. பல ஆண்டுக் காலம் ஒரு மனிதர் தேடித் தேடிச் சேர்த்த செல்வம் அது. துப்பாக்கியோ வெடிமருந்தோ அல்ல. நகரங்களில் மக்கள் எவ்வாறு நலமாக வாழலாம் என்று காட்டும் கண்காட்சிப் பொருள்கள்! போர் அவற்றைக் கடலடிக்கு அனுப்பிற்று.

அந்தப் பொருள்களுக்கு உரியவர் பாட்ரிக் கெடிஸ். தாவரவியல் பேராசிரியர், நகர அமைப்புக் கலையின் முன்னோடி, பம்பாய்ப் பல்கலைக் கழகத்தின் முதல் சமூகவியல் பேராசிரியர். சுற்றுப்புறச் சீர்கேடு என்பது ஒரு துறை, கலவரமும் போரும் வேறொரு துறை என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் இன்றும் நம்மிடையே உண்டு. முன்னதைத் தாவரவியல் மாணவரிடமும் பின்னதை வரலாற்று மாணவரிடமும் விட்டுவிடுகிறோம். இவ்விரண்டுக்கும் நடுவே சுவர் இல்லை என்று ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சொன்னவர் கெடிஸ். சொன்னதோடு நில்லாமல், அந்தக் கருத்தைத் தெருத் தெருவாக நடந்து சோதித்தும் பார்த்தவர். ஆகவேதான் அவர் வாழ்வு நம் கல்லூரி மலரில் இடம்பெறத் தக்கது என்று கருதுகிறேன்.

கெடிஸ் 1854 அக்டோபர் 2 ஆம் நாள் ஸ்காட்லாந்தில் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். (அக்டோபர் 2 என்றதும் நமக்கு வேறொருவர் நினைவு வருவது இயல்பே.) தந்தை படைவீரராய் இருந்து ஓய்வுக்கு வந்தவர். பெர்த் நகருக்கு மேலே குன்றின் சரிவில் இருந்த சிறு வீட்டில் குடும்பம் வாழ்ந்தது. வாள் பிடித்த கை அங்கே மண்வெட்டி பிடித்தது. உருளைக்கிழங்கு நடுவதற்கும், தோட்டத்தை அளப்பதற்கும், குன்றின்மீது ஏறி நின்று கீழே ஆறும் ஊரும் கிடக்கும் கிடையைப் பார்ப்பதற்கும் தந்தைதான் மகனுக்குக் கற்றுக் கொடுத்தார். பிற்காலத்தில் எந்த ஊருக்குச் சென்றாலும் முதலில் உயர்ந்த இடமொன்றைத் தேடி ஏறிப் பார்க்கும் பழக்கம் கெடிஸுக்கு இருந்தது. அது இந்தக் குன்றில் தொடங்கிய பழக்கமே.

எடின்பரோ பல்கலைக் கழகத்தில் தாவரவியல் படிக்கச் சேர்ந்தார். ஒரே வாரத்தில் வெளியேறினார். உலர்ந்த செடிகளை எண்ணிப் பெயரிடும் பாடம் அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு லண்டன் சென்று ஹக்ஸ்லியிடம் பயின்றார். டார்வினின் கொள்கையைக் காக்கப் போர்க்குரல் எழுப்பிய அதே ஹக்ஸ்லிதான். ஆயினும் கெடிஸ் கடைசிவரை பட்டம் ஏதும் பெறவில்லை. பட்டமில்லாத இவரைப் பின்னாளில் இரண்டு பல்கலைக் கழகங்கள் பேராசிரியராக்கின என்பதைத் தேர்வுக் காலத்தில் நினைத்துக்கொள்வது நமக்கு ஆறுதலாக இருக்கலாம், பின்பற்றுவதற்கு ஏற்றதன்று!

ஆசிரியரிடம் கெடிஸ் மாறுபட்ட இடம் ஒன்று உண்டு. அதை இங்கே குறிப்பிட வேண்டும். உயிர்களிடையே ஓயாத போட்டி நடக்கிறது, வலியது வாழ்கிறது என்ற கருத்து அந்நாளில் அறிவியலைத் தாண்டி அரசியலிலும் நுழைந்துவிட்டது. பேரரசுகள் நாடு பிடிப்பதற்கும், ஆலை முதலாளி தொழிலாளியை வதைப்பதற்கும் அது நியாயமாகக் காட்டப்பட்டது. கெடிஸ், தம் மாணவர் ஆர்தர் தாம்சனுடன் சேர்ந்து 1889 இல் வெளியிட்ட நூலில், போட்டிக்கு ஈடாக அன்பும் கூட்டுறவும் உயிர்களின் வளர்ச்சியில் பங்கு கொள்கின்றன என்று காட்டினார். தாய் குஞ்சைக் காப்பதும், தேனீக்கள் கூடி வாழ்வதும் இயற்கையில் விதிவிலக்குகள் அல்ல என்பது அவர் கொள்கை. ரஷ்ய அறிஞர் குரோபாட்கின் 1902 இல் எழுதிய பரஸ்பர உதவி பற்றிய நூலும் இதே திசையில் செல்வது, இருவரும் நண்பர்கள். வன்முறை மனிதனின் இயற்கை விதி என்று ஒப்புக்கொண்டுவிட்டால் அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கெடிஸ் ஒப்புக்கொள்ளவில்லை, ஆகவே காரணம் தேடத் தொடங்கினார்.

1879 இல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ சென்றபோது அவருடைய கண் பார்வை கெட்டது. பல வாரங்கள் இருட்டறையில் கிடக்க நேர்ந்தது. நுண்ணோக்கியில் பார்த்து வாழ நினைத்த இருபத்தைந்து வயது இளைஞனின் நிலையை எண்ணிப் பாருங்கள். அந்த இருட்டில் சன்னலின் கண்ணாடிக் கட்டங்களை விரலால் தடவிக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கருத்தை வைத்து அவற்றின் தொடர்பை ஆராயும் முறை அவருக்குத் தோன்றிற்று. பிறகு காகிதத்தைக் கட்டம் கட்டமாக மடித்து மடித்தே வாழ்நாள் முழுதும் சிந்தித்தார். பார்வை திரும்பிற்று, ஆனால் நுண்ணோக்கி வேலை மட்டும் பழையபடி இயலவில்லை. செடியை விட்டு, செடி வளரும் நிலத்தையும் அங்கு வாழும் மக்களையும் நோக்கி அவர் திரும்பினார்.

அந்தக் கட்டங்களில் அவர் முதலில் எழுதியவை மூன்று: இடம், தொழில், மக்கள். பிரெஞ்சுச் சமூகவியலார் லெ பிளே என்பவரிடமிருந்து கெடிஸ் இதைப் பெற்றார். நிலம் தொழிலை அமைக்கிறது. தொழில் குடும்பத்தையும் பழக்க வழக்கத்தையும் அமைக்கிறது. மக்கள் திரும்பவும் நிலத்தை மாற்றுகிறார்கள். இதை விளக்க மலையுச்சி முதல் கடல் வரை ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டுப் படத்தை வரைந்தார். மேலே சுரங்கத் தொழிலாளி, மரம் வெட்டுவோன், வேட்டுவன், அடுத்து இடையன், கீழே உழவன், கடலோரத்தில் மீனவன்.

இதைக் கேட்டதும் தமிழ் மாணவர் சிரித்துக்கொள்வர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நாம் பள்ளியிலேயே படித்ததுதானே! முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் பகுப்பும் ஏறத்தாழ இதுதானே! கெடிஸ் தொல்காப்பியம் படித்தவர் அல்லர். ஆனால் ஒப்புமை வெறும் பெருமை பேசுவதற்கு மட்டும் உரியதன்று. முல்லையும் குறிஞ்சியும் மழையற்றுத் தம் இயல்பு திரிந்தால் பாலை ஆகும் என்பது சிலப்பதிகாரம் கூறும் செய்தி. அந்தப் பாலைக்கு உரிய தொழிலாக நம் முன்னோர் கண்டது வழிப்பறியும் ஆநிரை கவர்தலும். அதாவது நிலம் வறண்ட இடத்தில் மனிதன் மனிதனைக் கொள்ளையிடுகிறான். கெடிஸ் சைப்ரஸ் தீவில் கண்டதும் அதுவே. அதற்கு வருவதற்கு முன் எடின்பரோவின் சேரி ஒன்றைப் பார்த்துவிடுவோம்.

1886 இல் அன்னா மார்ட்டன் என்னும் மங்கையை மணந்த கெடிஸ், புதுமனைவியுடன் குடியேறியது நல்ல தெருவில் அன்று. எடின்பரோவின் பழைய நகரில் ஜேம்ஸ் கோர்ட் என்னும் இடிந்த குடியிருப்பில், குப்பையும் குடியும் சண்டையும் மலிந்த இடத்தில் வீடு எடுத்தார். படித்த தம்பதியர் ஏன் இங்கு வந்தார்கள் என்று அண்டை வீட்டார் முதலில் ஐயுற்றனர். இருவரும் தம் வாசலைக் கூட்டினர். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தனர். சன்னலில் பூந்தொட்டி வைத்தனர். பிறகு அடுத்த வீட்டாருக்கும் தூரிகை பிடிக்கக் கை கொடுத்தனர். பாழடைந்த மாளிகைகளைப் பழுது பார்த்து 1887 இல் மாணவர் விடுதி ஒன்று அமைத்தார். விடுதி மாணவர்கள் தங்கள் வீட்டைத் தாங்களே நிருவகித்தனர். வார்டன் இல்லாத விடுதி! சேரியை இடித்துத் தள்ளி அதிலிருந்த ஏழைகளை வேறு சேரிக்கு ஓட்டுவதே சீர்திருத்தம் என்று நகராட்சிகள் நினைத்திருந்த காலம் அது. இடிக்காமலே திருத்த முடியும் என்பதை அவர் தம் குடும்பத்தை அங்கு வைத்துக் காட்டினார். 1888 முதல் டண்டி நகரில் தாவரவியல் பேராசிரியர். ஆண்டில் கோடைப் பருவத்தில் மட்டும் வகுப்பு. எஞ்சிய மாதங்கள் ஊர் சுற்றுவதற்கு. இப்படியோர் ஏற்பாட்டுக்கு எந்த விரிவுரையாளர்தான் ஆசைப்படமாட்டார்!

1894 முதல் 1896 வரை துருக்கிப் பேரரசில் ஆர்மீனிய மக்கள் ஆயிரமாயிரமாகக் கொல்லப்பட்டனர். தப்பியவர்களில் சிலர் சைப்ரஸ் தீவில் ஒதுங்கினர். தீவு அப்போது பிரிட்டிஷார் ஆட்சியில் இருந்தது. ஐரோப்பியப் பத்திரிகைகள் இதைச் சமயச் சண்டை என்றும், துருக்கியரின் கொடுங்குணம் என்றும் எழுதி, அறிக்கைகளும் கண்டனங்களும் குவித்தன. கெடிஸும் அன்னாவும் நிதி திரட்டிக்கொண்டு 1897 இல் நேரே சைப்ரஸுக்குச் சென்றனர். அங்கே அவர் முதலில் பார்த்தது அகதிகளின் காயங்களை மட்டுமல்ல, தீவின் மலைகளையும்தான். காடு அழிந்திருந்தது. ஆடுகள் மேய்ந்து இளங்கன்றுகளும் தலையெடுக்கவில்லை. மழை பெய்தால் மண் அரித்துக் கடலுக்குப் போயிற்று. பெய்யாவிட்டால் ஊற்றுகள் வறண்டன. பழைய நீர்வழிகள் தூர்ந்து கிடந்தன. தீவின் பழம்பெருமையாகிய பட்டுத் தொழில் நலிந்திருந்தது.

மேற்காசியாவின் அரசியல் சிக்கல் என்று ராஜதந்திரிகள் பேசுவது அடிப்படையில் ஓர் உழவுச் சிக்கல் என்று அவர் அந்த ஆண்டே எழுதினார். மரமும் நீரும் போன நாட்டில் உழவன் கடனாளியாகிறான். மேய்ச்சல்காரன் உழவனின் நிலத்தில் இறங்குகிறான். வரி வசூலிப்பவன் இருவரையும் கசக்குகிறான். அந்த நேரத்தில் வேறு மொழி பேசும், வேறு கோயிலுக்குப் போகும் அண்டை வீட்டான் பகைவனாகத் தெரிகிறான். கொலைக்குக் கட்டளை பிறப்பது அரண்மனையில்தான். ஆனால் அந்தக் கட்டளைக்குக் கைகள் கிடைப்பது வறண்ட வயலில். இதுவே அவருடைய பார்வையின் சாரம். ஆகவே அகதிகளுக்குக் கஞ்சி ஊற்றியதோடு நிற்காமல், நிலம் வாங்கி, முசுக்கொட்டை நட்டு, பட்டுப்புழு வளர்ப்பில் அவர்களை ஈடுபடுத்தினார். முதல் போட்டவர்களுக்கு அந்த முயற்சி லாபம் தரவில்லை. நெடுநாள் தழைக்கவும் இல்லை. ஆனால் அடிபட்ட மக்களுக்குச் செய்யும் உதவியை ஊற்றுக்கண்ணைத் தோண்டுவதிலிருந்து தொடங்க வேண்டும் என்னும் கருத்தை அந்நாளில் அவரைப் போல் வேறு எவரும் செயலில் காட்டியதாகத் தெரியவில்லை.

லண்டனில் 1903 இல் சமூகவியல் சங்கம் தோன்றியபோது அதை நிறுவியவர்களில் கெடிஸும் ஒருவர். மருத்துவன் நாடி பார்த்து மருந்து கொடுப்பதுபோல, ஊரை முதலில் ஆய்ந்து பிறகே திட்டம் தீட்ட வேண்டும் என்பது அங்கு அவர் வலியுறுத்திய பாடம். இதற்கு முன்பே, 1900 இல் பாரிஸ் பொருட்காட்சியின்போது, அவருக்குச் செயலாளராகச் சிறிது காலம் பணியாற்றிய பெண்மணி ஒருவர் உண்டு. சகோதரி நிவேதிதா. மகாகவி பாரதி தம் குருவாகப் போற்றிய அதே நிவேதிதா! இந்தியச் சமுதாய வாழ்வைப் பற்றி 1904 இல் தாம் எழுதிய நூலில் கெடிஸுக்குத் தாம் பட்ட கடனை நிவேதிதா குறிப்பிட்டிருக்கிறார்.

இந்நிலையில்தான் சென்னை கவர்னர் பெண்ட்லண்ட் பிரபு கெடிஸை அழைத்தார். பிரபு முன்பு ஸ்காட்லாந்துக்கு அமைச்சராய் இருந்தவர். அறுபது வயது கெடிஸ், மகன் அலாஸ்டருடன் வேறொரு கப்பலில் வந்து சேர்ந்தார். கண்காட்சிப் பொருள்கள் வரவில்லை. நண்பர்களுக்குச் செய்தி பறந்தது. அங்கிருந்தும் இங்கிருந்தும் புதிய படங்கள் வந்து குவிந்தன. 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது.

அவர் வந்த வேளையில் இந்திய நகரங்களின் நிலை என்ன? சுகாதாரம் என்ற பெயரால் அரசு வீட்டுக்குள் நுழைவதும், அதனால் இரத்தம் சிந்துவதும் வழக்கமாகிவிட்டிருந்தன. 1897 இல் புனேயில் பிளேக் நோய் பரவியபோது, படைவீரர்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனை செய்தனர். பூசையறை வரை சென்றனர். பெண்களை வெளியே நிறுத்தினர். அவ்வாண்டு ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்ட் சபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். 1898 இல் பம்பாயிலும், 1900 இல் கான்பூரிலும் பிளேக் கலவரங்கள் மூண்டன. 1913 இல் அதே கான்பூரில் புதிய சாலை போடுவதற்காக ஒரு மசூதியின் கைகால் கழுவும் இடம் இடிக்கப்பட்டது. ஆகஸ்ட் 3 அன்று அதைத் திரும்பக் கட்டத் திரண்ட மக்கள்மீது போலீசார் சுட்டதில் பலர் மாண்டனர். மூலையில் ஒரு சில அடி நிலம். வரைபடத்தில் ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டை நேராக வைக்கவேண்டும் என்ற பிடிவாதத்துக்கு விலை மனித உயிர்.

கெடிஸ் கோடு போடுவதற்கு முன் நடந்தார். மதுரை, தஞ்சாவூர், பெல்லாரி முதலிய சென்னை மாகாணத்து நகரங்களுக்குச் சென்று 1915 இல் அறிக்கைகள் அளித்தார். வெயிலில் தொப்பியும் தாடியுமாக, கையில் வரைபடத்துடன், சந்து சந்தாக அவர் நுழைந்து போவதைக் கண்டு உடன் வந்த அதிகாரிகள் சலித்துப் போனார்களாம். தஞ்சைக் கோட்டைக்குள் நெருக்கமான பகுதியில் நேரான அகலத் தெருக்கள் போட நகராட்சி திட்டம் வைத்திருந்தது. அதன்படி நல்ல வீடுகள் பலவும் இடிபடும். கெடிஸ் சந்துகளை நடந்து பார்த்துவிட்டு, இடிந்து பாழாய்க் கிடக்கும் மனைகளை மட்டும் அகற்றி, அங்கே சிறு திறந்த வெளிகள் விட்டு, மரம் நட்டு, முடுக்குகளை மட்டும் சற்று விரித்தால் போதும் என்று காட்டினார். செலவும் மிகக் குறைவு; வீடிழப்பவரும் மிகச் சிலர். உடலை அறுத்துப் போடாமல் கட்டியை மட்டும் நீக்கும் வைத்தியனுக்கு அவர் தம்மை ஒப்பிட்டுக் கொண்டார்.

மதுரையில் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காகச் செல்லும் வீதிகளைக் கண்டு அவர் மனம் நெகிழ்ந்தார். தேர் திரும்ப வேண்டுமென்றே அகலம் விட்ட தெருக்கள் அல்லவா அவை! ஐரோப்பியப் பொறியாளர் பலர் கண்ணுக்கு அவை ஒழுங்கற்ற பழைய தெருக்களாகத் தெரிந்தன. குளங்களைக் கொசு உற்பத்தி நிலையம் என்று சொல்லித் தூர்ப்பதையும் அவர் எதிர்த்தார். மீனையும் வாத்தையும் விட்டால் கொசுப்புழு ஒழியும். குளத்தைத் தூர்த்தால் கிணறு வறளும், ஊர் சூடேறும், வெள்ள நீர் போக இடமின்றி வீட்டுக்குள் வரும் என்பது அவர் வாதம். ஏரிகளை வீட்டு மனைகளாக்கிய பின், 2015 டிசம்பரில் சென்னை மிதந்தபோது நாம் கற்ற பாடம் அது. சென்னை நகர அமைப்புச் சட்டம் 1920 இல் நிறைவேறிற்று. அதற்கான சிந்தனையைத் தூண்டியதில் அவர் வருகைக்கும் பங்கு உண்டு.

அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் பெரும் போர் நடந்துகொண்டிருந்தது. கெடிஸ் அதைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். சென்னைப் பல்கலைக் கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராய் இருந்த கில்பர்ட் ஸ்லேட்டருடன் இணைந்து 1917 இல் ஒரு நூலும் வெளிவந்தது. (இந்த ஸ்லேட்டர்தான் தம் மாணவர்களை இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் முதலிய கிராமங்களை ஆராயச் செய்தவர்.) போர் அமைதிக்கு நேர்மாறானது என்பதைக் கெடிஸ் ஏற்கவில்லை. புகையும் அழுக்கும் நிறைந்த ஆலை நகரத்து வாழ்வு பெயரளவில்தான் அமைதி. உண்மையில் அது மெதுவாக நடக்கும் போர். குழந்தைகள் அங்கே காசநோயில் மடிகின்றன; தொழிலாளி தொழிலாளியோடு வேலைக்கு மோதுகிறான்; நாடு நாட்டோடு சந்தைக்கு மோதுகிறது. மரமில்லாத தெருவில், விழாவில்லாத வாழ்வில் வளர்ந்த இளைஞனுக்குப் படை எக்காளம் கேட்டதும் வாழ்வில் முதன்முறையாகத் தோழமையும் பொருளும் கிடைத்ததுபோல் தோன்றுகிறது. ஆகவே உடன்படிக்கைகள் மட்டும் போரை நிறுத்தா. காடு வளர்த்தல், நகரங்களைத் திரும்பக் கட்டுதல் போன்று, அதே துணிவையும் கூட்டுழைப்பையும் கேட்கும் பணிகளை இளைஞர்க்குத் தர வேண்டும் என்றார்.

இதை எழுதியவர் போரைத் தொலைவிலிருந்து பார்த்தவர் அல்லர். 1917 ஏப்ரலில், அவருடன் சென்னைக்கு வந்து கண்காட்சியில் உதவிய மகன் அலாஸ்டர் பிரான்சுப் போர்முனையில் கொல்லப்பட்டான். பலூனில் உயரே நின்று நிலத்தை நோக்கி எதிரியின் நிலைகளைக் குறிப்பது அவன் பணி. குன்றின்மேல் ஏறி நிலம் பார்க்கத் தந்தை கற்றுக் கொடுத்த வித்தை இதற்குப் பயன்பட்டது! அப்போது அன்னா இந்தியாவில் விஷக் காய்ச்சலில் கிடந்தார். மகன் இறந்த செய்தியைக் கெடிஸ் அவரிடம் சொல்லவில்லை. மகனுடைய பழைய கடிதங்களை, புதிதாக வந்தவை போல், படுக்கையருகே உட்கார்ந்து படித்துக் காட்டினார். ஜூன் மாதம் அன்னா மறைந்தார். மகன் இறந்ததை அறியாமலே மறைந்தார்.

அந்தத் துயரோடு அவர் சென்ற இடம் இந்தூர். ஹோல்கார் மன்னர் தம் தலைநகரைச் சீர்திருத்த அழைத்திருந்தார். பிளேக்கும் மலேரியாவும் ஆண்டுதோறும் வந்த ஊர். வழக்கம்போல் வரைபடத்துடன் தெருவில் நடந்தால், மக்கள் அவரைக் கண்டதும் வீட்டுக்குள் ஓடிக் கதவடைத்தனர். பிளேக்கைக் கொண்டுவரும் கிழட்டுத் துரை என்று அவருக்குப் பெயர் வைத்திருந்தனர். புனேயை நினைத்தால் அவர்கள் அஞ்சியதில் வியப்பில்லை. படையையும் போலீசையும் கூப்பிட்டிருந்தால் இந்தூரிலும் கல் பறந்திருக்கும். கெடிஸ் மன்னரிடம் கேட்டது வேறு: தம்மை ஒரு நாளைக்கு மகாராஜாவாக இருக்க விட வேண்டும்.

அந்த ஆண்டுத் தீபாவளி ஊர்வலம் வழக்கமான வழியில் செல்லாது. எந்தத் தெரு மிகத் தூய்மையாகவும் வீடுகள் பழுதுபார்த்தும் உள்ளனவோ அந்தத் தெரு வழியே செல்லும் என்று தண்டோரா போடப்பட்டது. இந்துத் தெருவோ முஸ்லிம் தெருவோ, பணக்காரர் தெருவோ ஏழைத் தெருவோ, எதுவாயினும் சரி. குப்பை அள்ளுவது இலவசம். ஊரே புடைபெயர்ந்தது போலாயிற்று. ஆயிரக்கணக்கான வண்டிக் குப்பை வெளியேறிற்று. எலிகள் பிடிபட்டன. சுவர்களுக்குச் சுண்ணாம்பு ஏறிற்று.

ஊர்வலத்தில் யானைகளும் குதிரைகளும் போயின. பின்னால் இராவணனைப் போன்ற பெரிய அரக்கன் பொம்மை வந்தது. அது அழுக்கின் உருவம். மாபெரும் எலி ஒன்று, கொசு ஒன்று. பிறகு சிறிது இடைவெளி. அடுத்து வந்தவர்களைக் கண்டு ஊர் வாயடைத்து நின்றது. தெருக் கூட்டும் தொழிலாளர்கள் வெள்ளை உடுத்தி, மாலை அணிந்து, வண்ணம் பூசிய தம் வண்டிகளுடன் நகரத்தின் விருந்தினராக நடந்து வந்தனர். அவர்களுக்குப் பின்னே லட்சுமி. கடைசியில் வீட்டுக்கு வீடு நடுவதற்குச் செடிகள் கொடுத்தனர். இருட்டியதும் அரக்கனும் எலியும் கொசுவும் தீயிலிடப்பட்டன. மறுநாள் முதல் குழந்தைகள் அவரைக் கண்டு ஓடவில்லை.

இந்நிகழ்ச்சியை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கக் கூடாது. கூட்டம் கூடினால் கலகம்தான் என்று அரசு அஞ்சிய நாட்டில், அதே கூட்டத்தின் ஆற்றலை நல்வழியில் திருப்பிக் காட்டியது அது. ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்காமலிருக்க முடியாது. மாலை அணிந்த அந்தத் தொழிலாளி மறுநாள் காலை என்ன செய்தார்? அதே துடைப்பத்தைத்தான் எடுத்தார். அவர் மகனும் அதையே எடுத்தான். சாதி வகுத்த தெருவை அழகாக்கலாம், ஆனால் அந்தத் தெரு ஏன் தனித் தெரு என்று கேட்பது வேறு வேலை. அந்த வேலையைக் கெடிஸ் செய்யவில்லை. நம் நாட்டில் அதைச் செய்தவர்கள் வேறு.

1919 இல் பம்பாய்ப் பல்கலைக் கழகத்தில் சமூகவியல் துறை அவர் தலைமையில் தொடங்கிற்று. 1924 வரை அங்கே இருந்தார். பின்னாளில் அத்துறையை வளர்த்த குர்யே, கெடிஸ் தேர்ந்தெடுத்து வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பியவரே. லக்னோவில் சமூகச் சூழலியலுக்கு வித்திட்ட ராதாகமல் முகர்ஜியின் 1916 ஆம் ஆண்டு நூலுக்கு முன்னுரை அளித்ததும் கெடிஸ்தான். இந்தியச் சமூகவியலின் இரு வேர்களிலும் அவர் ஊற்றிய தண்ணீர் உண்டு. வகுப்பில் மட்டும் அவர் பேச்சு மாணவர்க்கு எளிதில் விளங்குவதில்லை. தாடிக்குள்ளேயே முணுமுணுத்துப் பேசுவார். கரும்பலகை நிறையக் கட்டங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவல். தொடங்கி முடிக்காத நூல்களும் பல.

1919 இல் எருசலேமுக்குச் சென்று, யூதப் பல்கலைக் கழகத்துக்கும் நகருக்கும் திட்டம் தீட்டினார். 1925 இல் டெல் அவிவ் நகருக்கும் திட்டம் அளித்தார். மரமும் நீரும் பல்கலைக் கழகமும் வந்தால் அங்கே பகை தணியும் என்று நம்பினார். 1920 ஏப்ரலிலேயே எருசலேமில் அரபியருக்கும் யூதருக்கும் இடையே கலவரம் வெடித்தது. அங்கே பிணக்கு நிலம் வறண்டதால் மட்டும் எழவில்லை. நிலம் யாருக்கு உரியது என்பதாலும் எழுந்தது. சைப்ரஸில் தெளிவாகப் பார்த்த கண் இங்கே பாதிதான் பார்த்தது என்பது என் கருத்து. நிலத்தைத் திருத்துவது எப்படி என்று கேட்டவர், திருத்தப்பட்ட நிலத்தில் யார் குடியிருப்பர், யார் வெளியேறுவர் என்பதையும் கேட்டிருக்க வேண்டும். தஞ்சையில் அவர் கேட்ட கேள்விதான் அது.

1923 இல் அமெரிக்கா சென்றபோது லூயி மம்ஃபோர்டு என்னும் இளம் எழுத்தாளரை நியூயார்க்கில் சந்தித்தார். கடிதம் வழியாகச் சீடரானவர். அதுவரை நேரில் கண்டதில்லை. கண்டதும் கிழவர் கண்ணீர் விட்டார். போரில் இறந்த தம் மகனின் சாயல் அந்த இளைஞரிடம் இருப்பதாகச் சொல்லி, தமக்கு மகனாக இருக்கும்படி கேட்டார். மம்ஃபோர்டு திகைத்தார். அவருக்கு அந்தப் பாசத்தைத் தாங்க இயலவில்லை. சற்று விலகியே நின்றார். ஆனால் 1925 இல் தமக்குப் பிறந்த ஆண் குழந்தைக்குக் கெடிஸ் என்று பெயரிட்டார்.

பாட்ரிக் கெடிஸ் கடைசி ஆண்டுகளைத் தென் பிரான்சில் மான்பெல்லியே நகரருகே கழித்தார். கற்கள் நிறைந்த வறண்ட சரிவொன்றை வாங்கி, தோட்டமாக்கி, பல நாட்டு மாணவர் தங்கிப் படிக்கும் கல்லூரி ஒன்றை 1924 இல் தொடங்கியிருந்தார். 1932 இல் சர் பட்டம் கிடைத்தது. அதைப் பெறக் குளிர்காலத்தில் லண்டன் சென்று திரும்பியவர் நலிவுற்று, ஏப்ரல் 17 அன்று அந்தத் தோட்டத்து வீட்டில் உயிர் நீத்தார்.

மம்ஃபோர்டின் மகன் கெடிஸ், அடுத்த உலகப் போரில், 1944 இல் இத்தாலியில் கொல்லப்பட்டான். வயது 19. மூன்றாண்டு கழித்து, கெடிஸ் இந்திய நகரங்களைப் பற்றி எழுதிய அறிக்கைகளிலிருந்து சில பகுதிகள் தொகுக்கப்பட்டு லண்டனில் நூலாக வெளிவந்தன. தஞ்சைக் கோட்டையின் சந்துகளும் மதுரை வீதிகளும் அதில் இடம்பெற்றன. அந்த நூலுக்கு முன்னுரை எழுதியவர் லூயி மம்ஃபோர்டு.